வலது முன்சக்கரம்

உளியை வைத்து ஒரே தட்டு. வலது முன்சக்கரத்துப் பல்வளையம் இரண்டு துண்டாகத் தோர்லைவின் உள்ளங்கையில் விழுந்தது.

தம்பி ஸ்டைனாரை அடக்கம் செய்யும் நாள். அதற்கென்று போட்ட வெள்ளைச் சட்டையோடு தம்பியின் காருக்கடியில் மல்லாந்து கிடந்தார் கிழவர். கடலிலிருந்து தூக்கி வந்து நாளாகியும் இருக்கைகள் காயவில்லை. கொட்டகை முழுக்கக் கடற்பாசி நாற்றம்.

அன்றைக்குப் படகுத்துறைச் சரிவில் கார் மெதுவாக இறங்கியது, மனிதன் நடக்கிற வேகத்தில். கார்களை ஏற்றிப்போகும் படகு இன்னும் கரைக்கு வந்திருக்கவில்லை. தடுப்புக் கட்டையை முறித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்: மெதுவாக. தரையில் டயர் தேய்ந்த தடம் இல்லை. போலீஸ்காரர்கள் பிரேக் எண்ணெய் இருக்கிறது, பிரேக் கட்டை தேயவில்லை என்று பார்த்துவிட்டுப் போனார்கள். மீதியை ஊர் முடித்துவைத்தது. ஸ்டைனார் சாகவென்றே தானாகப் போய்விட்டான்.

ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். ஊரை அவர் என்றைக்கு நம்பினார்? ஆனால் ஸ்டைனாரின் பெண்டாட்டி ஒட்ரூன் அதை நம்பத் தொடங்கியிருந்தாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

கொட்டகை வாசலில் கறுப்புக் கோட்டோடு அவளே வந்து நின்றாள்.

"இன்னும் இதுக்கடியிலதானா? பாதிரியார் வந்துட்டாரு. சட்டையெல்லாம் கிரீஸ்."

"கோட்டு மறைச்சிடும்."

"விட்டுத் தொலைங்க, தோர்லைவ். அவரு கொண்டுபோய்க் காட்டினப்ப என் தம்பிதான் ரெண்டு தடவை பார்த்தானே. கம்ப்யூட்டரச் சொருகிப் பார்த்து ஒரு கோளாறும் இல்லன்னான்."

"பார்த்தானா, சொருகினானா?"

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. காரின் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்குக் காலையில எங்கிட்ட நல்லாத்தான் பேசினாரு. போறவரு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

தோர்லைவ் அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். வளையம் கையில்தான் இருந்தது. ஆனால் சொன்னால் அவள் அழுதுகொண்டு தம்பி அர்ன்ஃபினிடம் ஓடுவாள். அவன் தோளில் கைபோட்டு, பதமாக நாலு வார்த்தை பேசி மழுப்பிவிடுவான். ஊரில் ஒரே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன், வாயுள்ளவன். அவன் வாயிலிருந்தேதான் அது வரவேண்டும். தோர்லைவ் துண்டுகளைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வர்றேன், போ."

பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் எதிர்ப்பக்கம் அர்ன்ஃபின். கல்லறைத் தோட்டத்துப் பாதையில் மணல் போட்டிருந்தும் பனிக்கட்டி வழுக்கியது.

"பார்த்து, பெரியவரே," என்று முணுமுணுத்தான். "மெதுவாப் போங்க."

"மெதுவாத்தான் போறேன். அவன் போன மாதிரி."

அர்ன்ஃபின் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அடக்கம் முடிந்து எல்லாரும் ஜெபவீட்டுக் கூடத்துக்கு வந்தார்கள். இறைச்சி சூப், கிரீம் கேக், காப்பி. வழக்கப்படி ஒவ்வொருவராக எழுந்து இறந்தவனைப் பற்றிப் பேசினார்கள். அர்ன்ஃபினும் கரண்டியால் கோப்பையைத் தட்டிவிட்டு எழுந்தான்.

"அத்தான் மனசுல என்ன பாரம் இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாது," என்றான். குரல் தழுதழுத்தது. "யாரும் அவரத் தப்பா நினைக்க வேணாம். அவ்வளவுதான் நான் கேட்டுக்கிறது."

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஒட்ரூன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். அக்கா புருஷனை இரண்டாம் தடவை புதைத்துவிட்டு இவன் கேக்குக்குக் கை நீட்டுகிறான் என்று நினைத்தார் தோர்லைவ். கைக்குட்டையை எடுத்து மேசைமேல் பிரித்தார்.

"நீ இருக்கிறது நல்லதாப் போச்சு, அர்ன்ஃபின். எனக்கு ஒரு சந்தேகம். இது என்னன்னு பாரேன்."

மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆயுளில் ஒரு நட்டைக்கூட அர்ன்ஃபினிடம் கொடுக்காத மனிதர் தோர்லைவ். மற்றவன் கை பட்டால் வண்டி கெட்டது என்பார். அவரே கேட்கிறார், அதுவும் ஊர் முன்னால். அர்ன்ஃபினுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பவாவது வழிக்கு வந்தீங்களே! சாவு வீட்டுக்கும் இரும்போடதான் வருவீங்களா?" நாலைந்து பேர் சிரித்தார்கள். துண்டை வெளிச்சத்துக்குத் தூக்கினான். "ஏபிஎஸ் வளையம். சக்கரத்தோட சேர்ந்து சுத்தும். பக்கத்துல சென்சார் ஒண்ணு இந்தப் பல்லை எண்ணிக்கிட்டே இருக்கும். எண்ணுறது நின்னா சக்கரம் பூட்டிக்கிச்சு, வண்டி வழுக்குதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும். உடனே அந்தச் சக்கரத்துல பிரேக்கை விட்டு விட்டுப் புடிக்கும்."

"உடைஞ்சா?"

"வெடிச்ச இடத்துல பல்லு விலகிப் போகும். ஒவ்வொரு சுத்துலயும் எண்ணிக்கை தடுமாறும். வேகமாப் போனா ஒண்ணும் தெரியாது. நிக்கப் போறப்பதான் வம்பு. சக்கரம் நல்லாச் சுத்திக்கிட்டிருக்கும், பூட்டிக்கிச்சுன்னு நினைச்சு அது பிரேக்கை விட்டுடும். பெடல் காலை உதைக்கும், வண்டி பாட்டுக்கு உருண்டுக்கிட்டே போகும்."

"விளக்கு எரியுமா?"

"பல நேரம் எரியாது. சென்சார் சரியாத்தானே இருக்கு."

"உன் கம்ப்யூட்டர் காட்டுமா?"

"அதெங்க காட்டும்! சக்கரத்தைத் தூக்கி, சுத்தி, கண்ணால பார்க்கணும், பெரியவரே." கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தான். "இந்த முனை பளபளன்னு இருக்கு, கழட்டறப்ப நீங்க உடைச்சது. இந்த முனை பாருங்க, கறுத்துக் கிடக்கு. சாலை உப்பு தின்ன துரு. மாசக்கணக்கா வெடிச்சே இருந்திருக்கு. இதோட வண்டி ஓட்டினவன் பொழைச்சதே…"

நிறுத்தினான்.

துருவின் இடுக்கில் ஏதோ பச்சையாக ஒட்டியிருந்தது. காய்ந்த கடற்பாசி. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு தேய்ப்பதையும் நிறுத்தினான்.

"ஏன் நிறுத்திட்ட? சொல்லு," என்றார் தோர்லைவ். "பெடல் உதைக்குதுன்னு ஒருத்தன் உங்கிட்ட ரெண்டு தடவை வந்தா, நீ என்ன சொல்லுவ?"

அர்ன்ஃபின் வளையத்தைக் கீழே வைக்க இடம் தேடுகிறவன் போல மேசையைப் பார்த்தான்.

"நான் சொல்லட்டுமா? ஏபிஎஸ்னா உதைக்கத்தான் செய்யும், வயசானா காலுக்கு அதெல்லாம் பெருசாத் தெரியும், போங்க அத்தான்னு அனுப்பிட்ட. ஸ்டைனார் வந்து எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சான். உன்ன நம்பினான்டா அவன்."

ஒட்ரூன் எழுந்து நின்றிருந்தாள்.

"அப்ப அவரு பிரேக்க மிதிச்சாரா?"

அவள் தோர்லைவைத்தான் கேட்டாள். அவர் எதிரே இருந்தவனை மோவாயால் காட்டினார்.

"அர்ன்ஃபின். மிதிச்சாரா?"

"மிதிச்சிருப்பாரு."

"இருப்பாரா?"

"மிதிச்சாரு, அக்கா." அவன் குரல் ஒடுங்கிப் போயிருந்தது. "தண்ணி வர்ற வரைக்கும் மிதிச்சிருக்காரு."

ஒட்ரூன் அழவில்லை. காப்பிக் கெண்டியை எடுத்தாள். மேசை ஓரத்திலிருந்து ஒவ்வொரு கோப்பையாக ஊற்றிக்கொண்டு வந்தாள். பாதிரியாருக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கு, படகுத்துறைக்காரனுக்கு. அர்ன்ஃபின் கோப்பையைச் சற்று முன்னால் நகர்த்தி வைத்தான். அவள் அவனைத் தாண்டிப் போய் அடுத்த கோப்பைக்கு ஊற்றினாள்.

அவன் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பொத்தான் போடவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

தோர்லைவின் சூப் ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தார். வாய்க்கு ருசித்தது. ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணத்தைத் துடைத்துத் தின்றார்.

ஜன்னலுக்கு வெளியே ஜெபவீட்டு முற்றம் துறையைப் பார்த்துச் சரிந்து கிடந்தது. அர்ன்ஃபினின் கார் உறுமிக் கிளம்பி, ஓர் ஆள் நீளம் உருண்டு, நின்றது. பின்னால் பிரேக்கின் இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிந்தன. உள்ளே கேக்கை வெட்டிக் கொடுத்தார்கள், கோப்பைகளை எடுத்தார்கள், நாற்காலிகளை அடுக்கினார்கள். பனிமேல் அந்தச் சிவப்பு அப்படியே விழுந்து கிடந்தது.