ஆளில்லாத தாழ்வாரம்

விமர்சனங்களிலிருந்து ஒரு வரியை உருவிப் போஸ்டரில் போடுவது அவன் வேலை. படங்களை வாங்கித் திரையரங்குகளுக்கு அனுப்பும் அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவனை மேற்கோள் என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி ஆயுளைத் தாண்டிய அவன் அதற்கு முன் எந்த வேலையிலும் தரித்ததில்லை. இதில் தரித்ததற்குக் காரணம் எளிது. இதற்குப் படம் பார்க்க வேண்டியதில்லை. பேய்ப்படம் என்றால் சத்தத்தைப் புகழ்வார்கள், சத்தம் இல்லாததையும் புகழ்வார்கள். துப்பறியும் படம் என்றால் கடைசிவரை யூகிக்க முடியவில்லை என்பார்கள். குடும்பப் படத்துக்கு யதார்த்தம். சிரிப்புப் படத்துக்கு வயிற்றுவலி. மாவு சலிக்கிற மாதிரி சலித்தால் எதிலும் ஒரு வரி தேறிவிடும்.

அந்த வாரம் இரண்டு படங்கள். ஒன்று பேய்ப்படம். அதற்கு அரை நட்சத்திரமே ஒரு வரி எழுதியிருந்தார். நட்சத்திரங்களை அரை அரையாகக் கிள்ளிக் கொடுக்கிற விமர்சகர் என்பதால் சினிமாக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் அது. அவரிடம் நல்ல வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அப்பேர்ப்பட்டவர், "ஆளில்லாத தாழ்வாரத்தைக் காட்டியபோது என் கை தானாகப் பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டது" என்று எழுதியிருந்தார். மேற்கோள் அதை அப்படியே அள்ளிக்கொண்டான்.

இன்னொன்று சிரிப்புப் படம். ஒரு வீடு, நான்கு மாப்பிள்ளைகள், ஒரே குளியலறை. அதை எந்த விமர்சகரும் சீண்டவில்லை. பேய்ப்படப் போஸ்டரையே நகல் எடுத்து, படங்களையும் பெயர்களையும் மாற்றினார்கள். பழைய வரியை எடுக்க வேண்டியவன் மேற்கோள். அவன் நடிகர் பெயர்களில் பிழை இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். அந்த வரியை மட்டும் தினம் பார்க்கிற முகம்போலத் தாண்டிப் போனான்.

மறுநாள் ஊர்ச் சுவர்களில் எல்லாம் நான்கு மாப்பிள்ளைகள் தோளில் துண்டோடு பல்லிளித்துக்கொண்டு நிற்க, அவர்கள் தலைக்கு மேல் அந்தப் பழைய வரியில் அரை நட்சத்திரம் நடுங்கிக்கொண்டிருந்தார்.

முதலாளியம்மா கூப்பிட்டார்.

"அந்த ஆளு போன்ல என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டார். ஞாயித்துக்கிழமை நம்ம ஆபீஸ் பேரைப் போட்டு எழுதுவாராம். அப்புறம் எந்த விமர்சகர் வரியை நாம போஸ்டர்ல போட முடியும்?"

"நான் போய்ப் பேசிட்டு வரேம்மா."

"பேசு. அவர் இறங்கி வந்தா நாளைக்கு வேலைக்கு வா. இல்லைன்னா உன் சாப்பாட்டு டப்பாவை ஆள்கிட்ட குடுத்தனுப்பறேன்."

அரை நட்சத்திரம் மாமியார் வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை. கதவைத் திறந்ததும் மாமியார்தான். மழைத் தூறல் என்பதால் குடையை வாங்கி ஓரமாகச் சாய்த்துவைத்தார். உள்ளே நீளத் தாழ்வாரம். அதன் கோடியில் ஒரு மூடிய கதவு. கதவுக்கு முன்னால் துண்டோடு ஒரு மச்சான், வாளியோடு ஒரு மச்சினி, கடைசியில் சோப்பு டப்பாவோடு அரை நட்சத்திரம்.

"உள்ள தூங்கிட்டியா, குளிக்கிறியா?" என்று மச்சான் கதவைத் தட்டினான்.

"பாதி தூங்கிட்டேன், மீதியைத் தூங்கிட்டு வரேன்," என்று உள்ளிருந்து ஒரு குரல்.

அரை நட்சத்திரம் திரும்பினார். "நீதான் அந்த ஆளா?"

"ஆமா சார். தப்பு என்னோடதுதான்."

"நான் பார்க்காத படத்துக்கு ஒரு வரி எழுதினவன் இல்ல. ஒரே ராத்திரியில என்னைப் பொய்யனாக்கிட்டே."

"ஏன் சார் பார்க்கல?" நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் கேட்டுவிட்டான்.

அவர் சோப்பு டப்பாவால் வரிசையைச் சுட்டிக்காட்டினார். "தினமும் ஓசியில பார்க்கிறேன். இதுக்கு இருட்டுல வேற போய் உட்காரணுமா?"

"மாப்பிள்ளைக்கு எங்ககிட்ட இருக்கிற ஒரே குறை அதுதான்," என்று மாமியார் சிரித்தார்.

மேற்கோளுக்கு வேறு வழி தோன்றவில்லை. சட்டைப்பையில் இலவசச் சீட்டுகள் இருந்தன. "பகல் காட்சிக்கு வாங்க சார். பார்த்துட்டு, அந்த வரி பொருந்தலைன்னா சொல்லுங்க. அத்தனை போஸ்டரையும் நானே கிழிக்கிறேன்." அவனும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான்.

"பொருந்தாது. இப்பவே சொல்றேன்."

"நான் வரேம்ப்பா," என்றார் மாமியார், செருப்பைத் தேடிக்கொண்டே. "வாங்க மாப்பிள்ளை. இந்த வரிசையில நிக்கிற நேரத்துக்குப் படமே முடிஞ்சிடும்."

அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சில்லை.

அரங்கில் முக்கால்வாசி இருக்கைகள் காலி. நடுவில் அரை நட்சத்திரம், அந்தப்பக்கம் மாமியார், இந்தப்பக்கம் மேற்கோள். மாமியார் முதல் காட்சியிலேயே ஆரம்பித்துவிட்டார். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அரை நட்சத்திரத்தின் தோள் ஒருமுறை குலுங்கியது. உடனே இருமிக்கொண்டார். மேற்கோள் திரையைப் பார்க்கவில்லை, தன் வேலை போகிறதா நிற்கிறதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இடைவேளைக்குப் பிறகு எப்போதோ அதை மறந்து படம் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

கடைசியில் சண்டை முற்றி, மகள்களும் மாப்பிள்ளைகளும் சாமான் கட்டிக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாகப் போய்விடுகிறார்கள். மறுநாள் காலை. படம் முழுக்க நெரிசலாக இருந்த அதே தாழ்வாரம். யாருமில்லை. பாட்டில்லை, பேச்சில்லை. மாமனார் துண்டோடு வருகிறார். குளியலறைக் கதவு திறந்தே கிடக்கிறது. அவர் பழக்கத்தில் அதைத் தட்டுகிறார். தட்டிவிட்டு, உள்ளேயிருந்து பதில் வரட்டும் என்று நிற்கிறார்.

பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள்.

"சட்டையை விடுய்யா," என்றார் அரை நட்சத்திரம் மெதுவாக.

மேற்கோள் குனிந்து பார்த்தான். அவன் கை அவருடைய சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. எப்போது போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

வெளியே வந்ததும் அவர் பொரிந்து தள்ளினார். "நடுவுல அந்தக் கனவுப் பாட்டு தண்டம். மூணாவது மாப்பிள்ளை நடிக்கல, கத்துறான்."

"சரி சார்." மேற்கோளின் கண்முன் சாப்பாட்டு டப்பா வந்துபோனது.

"ஆனா கடைசியில டைரக்டர் நம்மளை நம்பி கொஞ்ச நேரம் சும்மா விட்டான் பாரு. இங்க சிரி, இங்க அழுன்னு காதைத் திருகல. பேய்ப்படத்துக்காரனும் அதைத்தான் செஞ்சான். எந்தப் படத்துக்குப் போனாலும் அதுக்குத்தான்யா நான் காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். கிடைச்சா ஒவ்வொரு தடவையும் வேற வார்த்தையில எழுதறேன், அவ்வளவுதான்."

"அப்போ போஸ்டர்?"

"இருக்கட்டும். வரி என்னோடது, கை உன்னோடது. பொய்யில்ல."

அங்கேயே நின்று முதலாளியம்மாவுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்புப் படத்தைப் பற்றித்தான் எழுதப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனை அவனிடம் நீட்டினார். "நாளைக்கு நேரத்துக்கு வா," என்றது அந்தக் குரல். "டப்பா இங்கதான் இருக்கு. இனிமே படிச்சுத் தொலை."

மேற்கோள் போனைத் திருப்பிக் கொடுத்தான். "நீங்க செருப்பைத் தேடலைன்னா சார் கிளம்பியிருக்க மாட்டாரும்மா," என்று மாமியாரிடம் சொன்னான். நன்றி என்ற வார்த்தை அவனுக்கு அவ்வளவாக வராது.

அவர் காதில் வாங்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, வீட்டுக்குப் போனா வரிசை இருக்கும்ல?"

"இருக்கும் அத்தை. எங்க போயிடப்போறாங்க."

மறந்துவிட்ட குடையை எடுக்க மேற்கோளும் கூடவே போனான். வரிசை இருந்தது. காலையில் இருந்ததைவிட நீளமாகவே இருந்தது.

"வெளிய போய்ட்டு வரீங்க, நீங்க முன்னாடி போங்க மச்சான்," என்று ஒதுங்கி வழிவிட்டான் மச்சான்.

"வேணாம்பா. நான் நிக்கிறேன்."

அரை நட்சத்திரம் கடைசியில் போய் நின்றார். குடையைக் கையில் எடுத்துக்கொண்ட மேற்கோள், அவசரம் ஒன்றும் இல்லாவிட்டாலும், அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.