ஒரு டம்ளர் வெந்நீர்

அந்த மருத்துவமனையில் உணவு ஆலோசகருக்கு வெள்ளரி மேடம் என்று பெயர். நர்சுகளில் யாரோ வைத்தது, நோயாளிகள் வரை ஒட்டிக்கொண்டது. அவள் மேசைமேல் எப்போதும் ஒரு கண்ணாடி டப்பா இருக்கும், அதில் வட்ட வட்டமாக நறுக்கிய வெள்ளரிக்காய். நோயாளி வந்து உட்கார்ந்ததும் ஒரு துண்டை எடுத்து நறுக்கென்று கடிப்பாள். பாதி உபதேசம் அந்தக் கடியிலேயே முடிந்துவிடும். கைப்பையின் உள்ஜிப்புக்குள் குடியிருந்த கிரீம் பிஸ்கட்டை மட்டும் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கு அவள் ஒரு நோட்டு கொடுப்பாள். காலையிலிருந்து ராத்திரி வரை வாயில் போட்டதையெல்லாம் அதில் எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்று காட்ட, முதல் பக்கத்தில் ஒரு மாதிரி ஒட்டியிருக்கும். அவளே கைப்பட எழுதி நகலெடுத்தது. 'என் ஒரு நாள்' என்று தலைப்பு. காலையில் வேகவைத்த முட்டை இரண்டு, மதியம் தட்டு நிறையக் காய்கறி, கொஞ்சம் சோறு, மாலையில் நாற்பது நிமிட நடை, சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்தது. ராத்திரி என்ற கட்டத்தில்: ஒரு டம்ளர் வெந்நீர்.

அதை எழுதிய அன்று நடந்த கதை வேறு. கணவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, அதன் மறைவில் நின்றபடியே ஒரு பாக்கெட் பிஸ்கட்டை முழுசாகக் காலி செய்திருந்தாள். அதை எழுத முடியுமா? சாப்பிடாத சாப்பாட்டை எழுதவும் மனம் வரவில்லை. பிஸ்கட் நெஞ்சை அடைத்தபோது வெந்நீர் குடித்தது நிஜம்தானே. அதை எழுதினாள். பொய் ஒன்றும் எழுதவில்லையே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். தன்னிடம் வக்கீலாக வாதாடுவதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில், நாற்காலி நுனியில் சலூன்காரர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்காரர், இன்னொருவர் கடையில் வேலை. நாலு மாதமாக அவளிடம் வருகிறார், ஒரு நாள் விடாமல் நோட்டு எழுதுகிறார். அடுத்தவர் முகத்தைத் தொடுகிற கை என்று நகத்தை அவ்வளவு சுத்தமாக வைத்திருப்பார். இன்று அந்தக் கைகளைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து காலையில கடை திறந்ததும் முதல் ஷேவிங்," என்றார் டாக்டர். "கை நடுங்கி, வந்தவரோட கன்னத்துல கத்தி இறங்கிடுச்சு. மூணு தையல். இவரும் அங்கேயே சரிஞ்சு விழுந்துட்டாரு. என்னன்னு பார்த்தா, மாத்திரையைப் போட்டுட்டு ராத்திரி சாப்பிடாம படுக்கிறாரு. ஒரு நாள் இல்ல, நாலு மாசமா. சர்க்கரை சர்ருன்னு இறங்காம என்ன பண்ணும்?"

"உங்க நோட்டு எங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்லயே மறந்து வச்சுட்டேன் சார்," என்றார் சலூன்காரர். மடியில் இருந்த துணிப்பையிலிருந்து நோட்டின் நீல முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அவர் மெல்ல உள்ளே தள்ளியதை அவள் பார்த்தாள்.

"ராத்திரி சாப்பிடணும்னு நீங்க சொல்லியிருந்தீங்கதானே?" டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

நோட்டோடு அவள் கொடுக்கும் அச்சடித்த உணவுப் பட்டியலில் அப்படித்தான் இருந்தது. "சொல்லியிருந்தேன் சார்," என்றாள்.

டாக்டர் ஃபைலில் எழுதினார்: நோயாளி அறிவுரையைப் பின்பற்றவில்லை.

"சார், ஒரு கடிதம் குடுத்தீங்கன்னா..." சலூன்காரர் தயங்கினார். "உங்க கையெழுத்து இல்லாம கத்தியைத் தொடக் கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டாரு. இப்ப முடி கூட்டிப் போட விட்டிருக்காங்க."

"சொன்னதைக் கேக்காதவருக்கு என்னத்தை நம்பி எழுதிக் குடுக்கிறது? மூணு மாசம் போகட்டும்."

இருபத்தெட்டு வருடம் கத்தி பிடித்த மனிதர். சரி சார் என்று எழுந்தார்.

அவளுடைய அறைக்கு வந்ததும் சலூன்காரர் முதல் வேலையாக நோட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். "மன்னிச்சுக்கோங்க மேடம். உங்க பேரு கெட்டுடக் கூடாதேன்னுதான் காட்டல. நீங்க தினமும் இருக்கிற மாதிரி இருந்து பார்த்தேன். உங்களுக்கு இருக்கிற வைராக்கியம் எனக்கு இல்ல. உடம்பு தாங்கல."

அவள் நோட்டைப் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம், குண்டு குண்டு எழுத்தில், ராத்திரி: ஒரு டம்ளர் வெந்நீர். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவளுடைய சிவப்பு டிக். அத்தனை நாள் பார்த்தும் ஏன் கண்ணில் படவில்லை? அந்தக் கட்டம் வந்தால் அவள் கண் தானாகத் தாண்டிவிடும். யாருடைய நோட்டாக இருந்தாலும் அப்படித்தான். வெட்கம் பழக்கமாகி, பழக்கம் வேலையாகிவிட்டிருந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

கைப்பையைத் திறந்து, பிஸ்கட் பாக்கெட்டை வெள்ளரி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணே, அந்த முதல் பக்கத்தை எழுதின அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிட்டது இது. ஒரு பாக்கெட். அதுக்கப்புறம்தான் வெந்நீர்."

அவர் சிரித்துவிட்டால் பரவாயில்லை, திட்டினால் இன்னும் நல்லது என்று காத்திருந்தாள். அவர் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை கிடையாது மேடம்," என்றார் கடைசியில். "நான் மட்டும் பசியோட படுக்கிறேன்னு அவளும் வெந்நீர்தான் குடிக்கிறா. நாலு மாசமா."

அவளால் உட்கார முடியவில்லை. நோட்டையும் அவரையும் கூட்டிக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்கே திரும்பப் போனாள். பிஸ்கட்டிலிருந்து சிவப்பு டிக் வரை ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் அவளைப் பார்த்த பார்வையைச் சாகும்வரை மறக்க மாட்டாள். ஃபைலில் எழுதிய வரியை அடித்தார். மாத்திரை அளவை மாற்றி எழுதினார். ஒரு வாரம் ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டு, சர்க்கரை அளவைக் காட்டினால் கத்தி பிடிக்கலாம் என்று முதலாளிக்கு அப்போதே கடிதம் கொடுத்தார். சலூன்காரர் அதைச் சட்டைப் பையில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே கிளம்பினார்.

"அந்தப் பக்கம் எத்தனை நோட்டுல இருக்கு?" டாக்டர் கேட்டார்.

"அறுபத்துமூணு."

"இன்னிக்கே எல்லாருக்கும் போன் பண்ணுங்க. நீங்களே பண்ணணும்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு பட்டியலின் முதல் எண்ணை அழைத்தாள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், தனியாக இருப்பவர். என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். ஹலோ என்றதுமே மறுமுனையில் குரல் துள்ளியது.

"வெள்ளரி மேடமா! நீங்களே கூப்பிடுறீங்களா? நோட்டுல ஒரு நாள் கூடத் தப்பல மேடம். ராத்திரி வெறும் வெந்நீர்தான். தலை கொஞ்சம் சுத்துது, ஆனா விட மாட்டேன். உங்களால முடியுதுன்னா என்னால முடியாதா?"