வசை வாங்கிய வில்

நான் செய்த முதல் வில்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என் மச்சான் காஷே, "நல்லா இருக்கு மச்சான்" என்றான். அதற்கு அவன் என்னை ஒரு அடி அடித்திருக்கலாம்.

எங்கள் ஆட்களோடு பழகாதவர்களுக்கு இது விளங்காது. கலஹாரிப் பாலைவனத்தில் எங்கள் பக்கம் ஒருவன் கொழுத்த மானை அடித்துவிட்டு வந்தால், "ஏதோ எலும்புக்கூடு கிடக்குது, வேணும்னா போய்ப் பாருங்க" என்று முனகுவான். தூக்கப் போகிறவர்கள், "இதுக்காய்யா எங்களை இவ்வளவு தூரம் நடக்க வெச்ச?" என்று திட்டிக்கொண்டே வாயெல்லாம் கொழுப்பு வழியத் தின்பார்கள். எவனுக்கும் தலைக்கனம் ஏறிவிடக் கூடாது, அவ்வளவுதான். நல்ல பொருள் என்றால் திட்டு விழும். தேறாத பொருளைத்தான் பாவம் பார்த்துப் புகழ்வார்கள்.

நான் சும்க்வே டவுனில் கடையில் மாவு மூட்டை தூக்கி வளர்ந்தவன். என் மனைவி தினாய் என்னிடம் எதைப் பார்த்து மயங்கினாள் என்று இன்றுவரை கேட்டதில்லை. கேட்டால் அவள் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். கல்யாணமானதும் வழக்கப்படி அவள் அப்பா நைஷியின் குடிசைகளுக்குப் பக்கத்திலேயே எங்கள் குடிசையையும் போட்டோம். பெண் எடுத்தவன் மாமனாருக்கு வேட்டையாடிக் கொடுக்க வேண்டும். நானோ அதுவரை ஒரு முயலைக்கூடப் பதறவைத்ததில்லை.

மாமனாரும் மருமகனும் எங்களில் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. அதனால் அவர் தீர்ப்பு காஷே வாய் வழியாக வந்தது.

"மழை முடியறதுக்குள்ள, தானே செஞ்ச வில்லால பெரிய உருப்படியா ஒண்ணு அடிச்சுட்டு வரட்டும்ங்கறார். இல்லன்னா நீ சும்க்வேக்கே போயி மூட்டை தூக்கு. தினாய் இங்கதான் இருப்பா."

"தினாய் என்ன சொன்னா?"

"அழுதா. ஆனா அப்பா சொன்னா சொன்னதுதான்."

எங்கள் வில் ஒன்றும் பெரிய ஆயுதமில்லை. கட்டைவிரல் கனம், இடுப்பு உயரம். கொல்வது அம்பு முனைக்குப் பின்னால் தடவிய வண்டுப்புழு நஞ்சு. வில்லின் வேலை அதைத் தோலுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே. இது தெரியாமல், தடியாக இருந்தால்தான் பலம் என்று மூட்டை தூக்கிய என் புத்தி சொன்னது. முதல் வில்லை உலக்கை மாதிரி செய்தேன். காஷே நாணை இழுத்தான், கழுத்து நரம்பு புடைத்தது, வில் அசையவே இல்லை. அப்போதுதான் அந்த "நல்லா இருக்கு."

இரண்டாவது வில்லுக்கு வெறி பிடித்தவன் போலச் சீவினேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று குடிசைகளுக்கு நடுவில் நின்று இழுத்தேன். படாரென்று முறிந்து ஒரு துண்டு என் நெற்றியில் அடித்தது. யாரும் சிரிக்கவில்லை! அதுதான் பயங்கரம். காஷே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "மரம் சரியில்ல மச்சான், நீ என்ன செய்வ?" என்றான். அவமானத்தில் எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

தினாய் மட்டும் குடிசைக்குள் போனதும் தரையில் புரண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கெழங்குத் தோல சீவுற மாதிரியே சீவுற. கொஞ்சம் சீவு, நிறுத்து, வளைச்சுப் பாரு. எந்த எடம் வளைய மாட்டேங்குதோ அங்க மட்டும் சீவு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அப்பா செய்யறத பொறந்ததுலேர்ந்து பாக்கறேன். நீ என்னய பாக்கறதுக்குப் பதிலா அவரைப் பாத்திருக்கணும்."

மூன்றாவது வில்லுக்குக் காட்டுப்பழப் புதர் ஒன்றில் கணு இல்லாத கிளையாகத் தேடி வெட்டினேன். பட்டையை உரித்து, நடுவில் கைப்பிடிக்குக் கனம் விட்டு, இரண்டு முனையையும் மெல்லச் சீவிக் குறைத்தேன். சீவினேன், வளைத்தேன், தணலில் காட்டிப் பதமாக வளைத்தேன், கொழுப்புத் தடவினேன். மானின் முதுகு நரம்பை ஈரப்படுத்தித் தொடையில் வைத்து உருட்டி நாண் திரித்தேன். நாண் தயாரானபோது தொடையில் முடி மிச்சமில்லை.

காஷே வந்தான். இழுத்தான். மறுபடி இழுத்து நாணைச் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டான். பிறகு முகத்தைச் சுளித்தான்.

"யோவ், என்னய்யா இது? பல்லு குத்துற குச்சிக்கு நாண் கட்டியிருக்க? இதப் பாத்தா மானு சிரிச்சே செத்துடும். இந்தக் கருமத்துக்கா தொடைய மழிச்ச?"

அவனைக் கட்டிக்கொண்டு அழலாமா என்றிருந்தது. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டானா என்று அங்கேயே நின்றேன்.

"எங்க அப்பா அம்ப எடுத்துட்டுப் போ. என் அம்ப இந்தச் சுள்ளியில வெச்சு அசிங்கப்படுத்தாத" என்றான். அம்பு யாருடையதோ இறைச்சியைப் பங்கு போடுகிற உரிமை அவருடையது, பெருமையும் அவருக்குத்தான். மச்சான் விவரமானவன்.

வேட்டையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. முள்ளில் தவழ்ந்து, முறுக்குக் கொம்பு மான் ஒன்றின் நெஞ்சுக்குக் குறிவைத்தேன், தொடையில் பட்டது. நஞ்சுக்கு நெஞ்சும் ஒன்றுதான், தொடையும் ஒன்றுதான். அது வேலை செய்ய ஒரு நாளாகும், அதனால் திரும்பி வந்து தீயருகே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். "என்ன பாத்த?" என்றான் காஷே. "ஒண்ணுமில்ல, சின்னதா ஏதோ" என்றேன். மறுநாள் எல்லாரும் தடம் பிடித்துப் போனோம். விழுந்து கிடந்ததைப் பார்த்ததும், "இந்தத் தோலும் எலும்பையுமா தூக்கணும்!" என்று ஆளாளுக்கு வசைமாரி. அவ்வளவு கொழுப்பு அதில்.

ஆனால் மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. குடிசைக்கு வந்து, வெட்டி, பங்கு பிரித்து முடிக்கும்வரை மௌனம். அவர் மட்டும் "நல்ல இறைச்சி" என்று மரியாதையாக ஒரு சொல் சொல்லிவிட்டால் நான் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். தினாயும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கத்தியைத் துடைத்தார். என் பக்கம் திரும்பாமல் மகனைக் கூப்பிட்டார்.

"காஷே, உன் மச்சானோட அந்தச் சுள்ளிய என் வில்லு தொங்குற மரத்துலயே மாட்டு. அங்க இங்க கெடந்தா எவனாவது அடுப்புக்குப் பொறுக்கிட்டுப் போயிடுவான். அப்புறம் அடுத்த மழைக்கு இவன் எத வெச்சு நம்மளப் பட்டினி போடுவான்?"

அடுத்த மழைக்கு! அப்படியானால் நான் மூட்டை தூக்கப் போக வேண்டாம். பதில் சொல்லாவிட்டால் மரியாதையில்லை.

"அடுப்புல வெச்சாலும் எரியாது, வெறுமனே புகையும்னு சொல்லு காஷே."

கையெட்டும் தூரத்தில் இருந்தவரிடம் காஷே அதை அப்படியே திருப்பிச் சொன்னான். கிழவர் முதுகு குலுங்கச் சிரித்தார்.

தினாய் வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். என் பங்கிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக் கடித்தாள்.

"சீ, சவக் சவக்குன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினாள்.