தீ அணைந்த பிறகு

நாச்சிமுத்து அண்ணன் நனைந்த பனியன் கழிவு மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார், மாஸ்க் கழுத்தில் தொங்குகிறது, ஈரக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார், அவருடைய இரண்டு பூட்ஸுக்கும் நடுவிலிருந்து நூல்போல ஒரு வெள்ளைப் புகை எழுந்து முழங்கால் உயரத்தில் வளைந்து காணாமல் போகிறது, மாஸ்க்கப் போடுங்ணா என்கிறேன், அட போ அப்புனு, தீதான் அணைஞ்சு போச்சே, இனி எதுக்கு மூஞ்சிய மூடிக்கிட்டு என்கிறார், தீ அணையவில்லை, மூட்டைக்குள் போய் வாயை மூடிக்கொண்டிருக்கிறது, அதை எப்படிச் சொன்னால் இவருக்குப் புரியும் என்று நான் யோசிக்கிறேன், எனக்கு எப்போதும் அதுதான் யோசனை, எப்படிச் சொன்னால் புரியும், மிஷினில் வைத்து இறுக்கிக் கட்டிய மூட்டை இது, நாம் அடிக்கிற தண்ணீர் தோலில் வழிந்து தரைக்குப் போய்விடும், உள்ளே பஞ்சு காய்ந்துதான் கிடக்கும், அங்கே கங்கு புழுவைப்போல ஊர்ந்துகொண்டிருக்கும், காற்று தாராளமாகக் கிடைத்தால் எதுவும் முழுதாக எரிந்துவிடும், கிடைக்காதபோதுதான் அரைகுறையாக வெந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கும், அதற்கு நிறமில்லை, மணமில்லை, இந்த வெள்ளை நூல் வெறும் அடையாளம், ஆளைச் சாய்ப்பது அதன் கூடவே வருகிற, கண்ணுக்குத் தெரியாத ஒன்று.

இரத்தத்தை ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா, ஆக்சிஜன் ஏறி உட்கார வேண்டிய சீட்டில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும், ஸ்டாப் வந்தாலும் லேசில் இறங்காது, பஸ் ஓடும், சீட்டெல்லாம் நிறைந்திருக்கும், ஆனால் மூளைக்குப் போய்ச் சேர வேண்டியவர் யாரும் அதில் இல்லை, இதை நான் ஃபயர் ஸ்டேஷனில் காலை அணிவகுப்பு முடிந்ததும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், வாத்தியாரு பஸ்ஸ எடுத்துட்டாருங், டிக்கெட் வாங்காதவங்க வாங்கிக்குங்க என்று மருதாசலம் கிண்டல் செய்வான், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், ஆனால் தீ தணிந்து நிலைய அலுவலர் கையை உயர்த்தி, போதும்பா, தண்ணியடிச்சு கூலிங் பண்ணுங்க என்று சொன்னதும் எல்லோருடைய கையும் மாஸ்க்கைக் கழற்றத் தானாகப் பின்தலை வாருக்குத்தான் போகும், அது ஒரு பழக்கம், கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்ததும் கை கழுவப் போவதைப்போல, முதுகில் சுமக்கிற சிலிண்டரில் மூச்சுக்காற்று நிரப்புகிற இயந்திரம் எங்களிடம் இல்லை, காலியானதைப் பக்கத்து ஊருக்கு அனுப்ப வேண்டும், அடுத்த தீக்கு வேணுமில்ல, வீணாக்காத என்பார்கள், காற்றைச் சிக்கனம் பிடிக்கிறவன்தான் எங்களிடையே பொறுப்பானவன், நாச்சிமுத்து அண்ணன் மிகவும் பொறுப்பானவர், அன்றைக்கு நல்ல மழை, கூலிங் முடிகிற வரைக்கும் முக்கால்வாசிக் காற்றைத் தோளில் சுமந்துகொண்டே உள்ளே உட்கார்ந்திருந்தார், தலை விண்ணுவிண்ணுங்குது, டீ குடிக்காதது என்றார், கொரோனா காலத்தில் வாங்கிப் போட்ட விரல் கிளிப் வண்டியில் கிடந்தது, அதை மாட்டிப் பார்த்துவிட்டு, தொண்ணூத்தொம்பது, பாத்துக்க, உன்னய விட நான் தெம்பு என்றார், அண்ணா, அது வெளிச்சத்தை விரலுக்குள் விட்டு இரத்தத்தின் நிறத்தைப் பார்க்கிற கருவி, ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் சிவப்பு, இது ஏறிய இரத்தமும் சிவப்பு, அதற்கு இரண்டும் ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வாங்க என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஒரு தூக்கம் போட்டா சரியாயிரும் சாமி என்று பின்சீட்டில் சாய்கிறார், ஸ்டேஷனுக்கு வந்ததும் எழுப்புகிறோம், எழுப்பிக்கொண்டே இருக்கிறோம், பிணவறை வாசலில் அவர் மனைவி ருக்குமணியக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, ஏந்தம்பி, கண்ணாலத்தன்னைக்கு இருந்த மாதிரியே மொகம் செவசெவன்னு இருக்குதே, நல்லாத்தானே இருக்காரு என்கிறார், அந்தச் சிவப்பு ஏன் வருகிறது என்பது எனக்குத் தெரியும், அந்த ஒருவரிடம் மட்டும் நான் எதையும் விளக்கவில்லை.

ஆக, அவர் இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரிகிறது, இது வேறு குடோன், வேறு காலை, ஓட்டுச் சந்து வழியாக வெயில் கோல்கோலாக விழுகிறது, காற்று தீரப்போவதைச் சொல்லும் என் சிலிண்டரின் விசில் ஊதி ஓய்ந்துவிட்டது, நிரம்பிய சிலிண்டர் ஒன்றுதான் மிச்சம், நீ மாட்டிக்க மருதாசலம், நீதான் பின்பக்கம் போகணும், நான் இந்த முன்வரிசையை ஒரு பார்வை பார்த்துட்டு வந்துர்றேன் என்றேன், நீங்க வெளிய போயிருங்ணா என்றான் அவன், எனக்குத் தெரியாததா, எந்த மூட்டைக்குள் கங்கு இருக்கிறதென்று கையை வைத்தே சொல்கிறவன் நான், தெரிந்தவனை அது என்ன செய்துவிடும், அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போது நினைக்கிறேன், முதலில் தலை வலிக்கும், பிறகு முழங்கால் துவளும், அதற்கும் முன்னால் புத்தி போய்விடும், போனது அந்த ஆளுக்குத் தெரியாது, அதுதான் இதிலுள்ள நுட்பம், எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்திருக்கும், எழுந்துவிட்டதாகவே தோன்றும், இதோ நான் எழுந்து நடந்து நாச்சிமுத்து அண்ணனின் தோளைப் பிடிக்கிறேன், வாங்ணா போலாம், கை பிடித்தது என்னுடைய தோளை, குனிந்து பார்க்கிறேன், புகை நூல் என் பூட்ஸுக்கு நடுவிலிருந்துதான் எழுகிறது, என் மாஸ்க்தான் நெஞ்சில் தொங்குகிறது.

பின்னாலிருந்து யாரோ சிலிண்டர் பட்டையைப் பற்றி இழுக்கிறார்கள், மாஸ்க்குக்குள்ளிருந்து குழாயில் பேசுகிற மாதிரி மருதாசலத்தின் குரல், எந்திரிங்ணா, காலை ஊனுங்க, நான் அவனுக்குப் பொறுமையாகச் சொல்கிறேன், இது எப்படி வேலை செய்கிறதென்றால் தம்பி, பேசாதீங்ணா, மூச்ச விடுங்க, போதும் என்று அவன் தரதரவென்று இழுக்கிறான், குதிகால்கள் சேற்றில் கோடு போடுகின்றன, வெயில் முகத்தில் அறைகிறது, யாரோ ஆக்சிஜன் குழாயை என் மூக்கில் வைத்து அழுத்துகிறார்கள், வந்துட்டீங்ணா, வந்துட்டீங்க என்று மருதாசலம் என் கன்னத்தைத் தட்டுகிறான், அவனுக்கு அப்பால் பக்கத்து நிலையத்து வண்டி வந்து நிற்கிறது, களைத்துப்போன எங்களுக்குப் பதிலாகக் கூலிங் பார்க்க வந்தவர்கள், மாஸ்க்குகளைக் கழுத்தில் தொங்கவிட்டபடி பேசிக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே போகிறார்கள், அவ்வளவுதானா, எல்லாம் முடிஞ்சிருச்சு போலயே என்கிறான் ஒருவன், நான் வாயைத் திறக்கிறேன், இத்தனை வருடம் நிற்காமல் பேசிய வாய், நாக்கு புரள மறுக்கிறது, கையைத் தூக்குகிறேன், மருதாசலம் அதைப் பிடித்துக் கீழே அமர்த்துகிறான், அசையாதீங்ணா, கதவு வழியே எனக்குத் தெரிகிறது, அவர்களில் கொஞ்சம் கனத்த ஒருவர் சுற்றும்முற்றும் பார்க்கிறார், ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார், சூடு இதமாக இருக்கிறதோ என்னவோ, கால்களை அகட்டிவைத்து, நான் உட்கார்ந்திருந்த அந்த மூட்டைமேல் உட்காருகிறார்.