குட்டையில் வாழாதது

மலேசியாவின் லகாட்டில் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டை. போன வாரம் விமலாவின் உடல் அதில்தான் மிதந்தது. ஈப்போ தடயவியல் ஆய்வகத்திலிருந்து ரஜிதா மறுசோதனைக்காகச் சேறு எடுக்க வந்திருந்தாள்.

கரையில் விமலாவின் கணவன் பத்துமலையும் அவன் தம்பி சீனியும் ஒருவனை அடித்துக்கொண்டிருந்தார்கள். குட்டையில் மீன் வளர்க்கும் தனேஸ்வரன். கைகளை வலைக்கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒரு கண் மூடிவிட்டது. பத்துமலை அவன் விரலைப் பின்பக்கம் வளைத்தான். முறிந்த சத்தம் கேட்டது.

ரஜிதா போலீசுக்கு அழைத்தாள். வருகிறோம் என்றார்கள்.

“என் பொண்டாட்டிய இங்கதான அமுக்குன? சொல்லு!”

“சத்தியமா நான் இல்லலா, அண்ணே.”

சீனி சிரித்தான். “மீனுக்கே தீனியாப் போட்டுருப்பான். என்னண்ணே பேச்சு இவன்கிட்ட?”

பத்துமலை பாராங் கத்தியை எடுத்தான்.

“விடு!” ரஜிதா ஓடி வந்தாள். “விமலா இந்தத் தண்ணியில சாகேல்லை. அவட எலும்பைச் சோதிச்சது நான்தான்.”

மூழ்குகிறவர் இழுக்கும் நீரோடு டயட்டம் என்ற நுண்பாசி இரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகும். அந்தப் பாசியில் இரண்டு இனங்கள் ஒன்றுபோலவே வில்லாக வளைந்தவை. ரஜிதாவே முதலில் குழம்பினாள். குட்டைச் சேற்றில் இருப்பதன் முனை மழுங்கல். விமலாவின் மஜ்ஜையில் இருந்ததன் முனை கழுத்தாக இறுகி மொட்டாக முடிந்தது. அது இந்தக் குட்டையில் வாழாது.

“அப்ப எங்க?” என்றான் பத்துமலை.

“மலையில இருந்து வாற தண்ணி. பாசி பிடிச்ச தொட்டி, அப்பிடி ஏதும்.”

பத்துமலையின் கை இறங்கியது. கோப்பெங்கில் பழைய ரப்பர் தோட்டத்து வீட்டுக்கு மலை ஓடையிலிருந்து குழாய் இழுத்துத் தொட்டி கட்டியவன் அவன்தான். விமலா காணாமல் போன அன்று அவன் லூமுட்டில் வேலையில் இருந்தான். வீட்டில் சீனி இருந்தான்.

“பாசியப் பாத்துக் கதை விடுது இந்த அக்கா. நம்பாதண்ணே.”

“அன்னிக்குத் தொட்டிய ஏன்டா கழுவுன? நம்ம வேன எங்கடா ஓட்டிக்கிட்டுப் போன?”

சீனி ஓடினான். சேறு காலைப் பிடித்தது. பத்துமலை கத்தியின் பின்புறத்தால் அவன் முழங்காலில் அடித்தான். நீரில் விழுந்தவனின் தலையை அமுக்கினான். தூக்கினான்.

“கைய வச்சதுக்கு அறைஞ்சாண்ணே! ஒன்கிட்ட சொல்லிருவேன்னா!”

மறுபடி அமுக்கினான். இம்முறை தூக்கவில்லை.

ரஜிதா நீரில் இறங்கிப் பத்துமலையின் முடியைப் பிடித்து இழுத்தாள். அவன் முழங்கை அவள் வாயில் இடித்தது. உதடு கிழிந்தது.

கரையில் கட்டுண்டு கிடந்த தனேஸ்வரன் இரத்தம் துப்பினான். “விடுங்கக்கா. முடியட்டும்லா.”

குமிழிகள் குறைந்தன. ரஜிதா குனிந்து பத்துமலையின் கட்டைவிரலைக் கடித்தாள். அவன் அலறினான், பிடியை விடவில்லை. அவளும் விடவில்லை. பல் எலும்பைத் தொட்ட பிறகே அவன் கை தளர்ந்தது.

சீனி மேலே வந்தான். சேற்றுநீரைக் கக்கினான். இருமினான்.