தொட்டிச் சுவரில் முப்பத்தெட்டு

சாலைக்குத் தார் போடும் இடத்தில் மணிக்கொரு முறை வெப்பநிலை பார்த்து எழுதுவது அவள் வேலை. நாற்பதைத் தாண்டினால் வேலையை நிறுத்தியாக வேண்டும். அதனாலேயே மேற்பார்வையாளர் வெப்பமானியைத் தண்ணீர்த் தொட்டியின் பின்சுவரில் மாட்டியிருந்தார். எந்நேரமும் கசிந்து ஈரமாகவே இருக்கும் சுவர். ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் ‘குளுகுளு’.

அன்று பதினொரு மணிக்கு முப்பத்தெட்டு. பன்னிரண்டுக்கும் அதேதான். எழுதினாள். ஐம்பது அடி தள்ளி, ஆவி பறக்கும் தாரைப் பரப்பிக்கொண்டிருந்தான் அவள் தம்பி.

பன்னிரண்டரைக்கு அவன் விழுந்தான். குப்புற, சூடான தாரின் மேலேயே. இரண்டு பேர் தூக்கியபோது இடது கன்னத்துத் தோல் சாலையோடு போய்விட்டது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. உடம்பில் பொட்டு வியர்வை இல்லை. வண்டியில் போட்டு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

“ராத்திரி தூங்கியிருக்க மாட்டான்,” என்றார் மேற்பார்வையாளர். “முப்பத்தெட்டுதானே காட்டுது. நீயேதான எழுதியிருக்க. போய் வேலையப் பாருங்க எல்லாரும்.”

அவள் வெப்பமானியைக் கழற்றி வந்தாள். சுவரே இல்லாத வெட்டவெளியில், ஒரு கம்பத்தில் தலை உயரத்துக்குக் கட்டி, வெயில் படாமல் மேலே பலகையைச் சாய்த்தாள். ஆட்கள் சுற்றி நின்றார்கள். பத்து நிமிடத்தில் நாற்பத்து நான்கு.

“நிழல்லதான் வச்சிருக்கேன் சார். வந்து பாருங்க.”

அவர் அதைப் பிடுங்கித் தரையில் அடித்தார். அப்படியே அவளையும் அறைந்தார். தடுமாறி விழுந்தவள் எழுந்தபோது கையில் தார் வாரும் இரும்பு வாரி இருந்தது. முதல் அடியில் அவர் தாடை பெயர்ந்தது. இரண்டாவதை அவர் கையால் தடுத்தார்; எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மூன்றாவதை ஓங்கும்போது ரோலர் ஓட்டும் அவள் கணவன் ஓடிவந்து கட்டிப்பிடித்தான்.

“விட்டுடு. செத்துருவான்.”

“சாகட்டும்.”

“நீ உள்ள போயிட்டா உன் தம்பிய யாரு பாப்பா?”

வாரியைக் கீழே போட்டாள்.

அவளுக்கு எட்டு மாதச் சிறை கிடைத்தது. மேற்பார்வையாளருக்கு வேலை போனது. தம்பி பிழைத்துக்கொண்டான், நாக்கு மட்டும் குழறியது. பார்க்க வந்தவன் கம்பிக்கு வெளியே நின்று மெதுவாகக் கேட்டான்: “எனக்காகவா அடிச்ச?”

“ஒரு மாசமா பொய்னு தெரிஞ்சே எழுதினேன்டா,” என்றாள். “முதல் நாளே அடிச்சிருக்கணும்.”