ஒரு முழ அகல மௌனம்

1984ஆம் ஆண்டு மார்ச் பதின்மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, எங்கள் ஓஸ்டர்பெர்க் ஊரின் ஃப்ளீர் தெருவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு வீடுகளையும் துளைத்துக்கொண்டு ஒரு முழ அகலத்துக்கு ஒரு மௌனம் ஓட ஆரம்பித்தது. அந்தக் கோட்டுக்குள் நின்று பேசினால் வெளியே கேட்காது. வெளியே பேசுவது உள்ளே நிற்பவருக்கும் கேட்காது. அரை அடி நகர்ந்துவிட்டால் எல்லாம் பழையபடி. இருபத்தொன்பதாம் எண் வீட்டு வோல்டர் ஓல்தோஃப் தன் நிலைமின் ஒலிபெருக்கிகள் இரண்டையும் அன்று காலை கூரையிலிருந்து தொங்கவிட்டதுதான் காரணம். அந்தச் சாதனத்துக்குப் பெட்டி கிடையாது, வெறும் பலகைதான். கதவு உயரச் சட்டத்தில் ஓட்டை போட்ட இரண்டு தகடுகள், நடுவே மீந்த சோற்றை மூடிவைக்கும் பிளாஸ்டிக் தாளைவிட மெல்லிய ஒரு ஜவ்வு, அதில் சில ஆயிரம் வோல்ட் மின்சாரம். ஒலி முன்னாலும் பின்னாலும் போகும், பக்கவாட்டில் ஒன்றும் வராது. மற்றவர்கள் வீட்டில் அந்த ஒன்றுமில்லாதது பலகையின் விளிம்போடு நின்றுவிடும், வோல்டர் வீட்டில் சுவரைத் தாண்டிப் போனது. தொங்கவிட்ட நேர்த்தி அப்படி என்று அவரே சொல்லிக்கொண்டார். யார் இல்லை என்றார்கள்?

தொங்கவிட்டதற்கு ஒரு கதை உண்டு. இந்தப் பலகைகள் சுவரோரம் நிற்கச் சம்மதிக்காதவை. கூடத்தின் நட்டநடுவில் நின்றால்தான் வயலின் வயலினாகக் கேட்குமாம். அதுவும் ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு தலை அகலத்துக்கு. ஆகவே ஒன்பது வருடமாக அந்தக் கூடத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது, தெருச் சன்னலுக்குப் பக்கத்தில். சோபா விற்கப்பட்டது. சாப்பாட்டு மேசை தோட்டத்துக் கொட்டகைக்குப் போனது. வோல்டரின் மனைவி ஃபென்னா தன் வீட்டுக் கூடத்தைச் சுவரோரமாகவே நடந்து கடந்தாள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "வோல்டர், தரையில எனக்குக் கொஞ்சம் இடம் வேணும்" என்றாள். மின்மாற்றித் தொழிற்சாலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கியிருந்த வோல்டர் இதைப் பொறியியல் கேள்வியாக எடுத்துக்கொண்டார். மாடிப் படுக்கையறைத் தரையைத் துளைத்து உத்தரத்தில் கொக்கி மாட்டி, கட்டிலை ஒரு பக்கம் தள்ளி, படகுப் பாய் தைப்பவரிடம் கயிறு வாங்கி, ஒரு கட்டையின் இரு முனைகளிலும் பலகைகளைக் கட்டித் தொங்கவிட்டார். கீழே தரை பளிச்சென்று விடுபட்டது.

"எடுத்துக்கோ, முழுத் தரையும் உனக்குத்தான்" என்றார்.

"சரி, ஆறு நாற்காலி போடட்டுமா?"

"நாற்காலியா! போட்டா கீழ்ச்சுருதி எல்லாம் அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும்."

"அப்ப இந்தத் தரையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"பாரேன். எவ்வளவு நல்லா இருக்கு."

எங்கள் ஊரில் பிறந்தநாள் என்றால் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும். வருகிறவர்கள் பிறந்தநாள்காரியின் கையை மட்டுமல்ல, அவள் புருஷன், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி என்று எல்லார் கையையும் குலுக்கி வாழ்த்திவிட்டு, காபியும் ஒரு துண்டு கேக்கும் வாங்கிக்கொண்டு வட்டத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். பிறகு இடம் மாறுவது மரியாதையில்லை. ஃபென்னாவின் கடைசி ஒன்பது பிறந்தநாள்களும் இருபத்தேழாம் எண் த்ரூஸ், ஹார்ம் தம்பதி வீட்டுக் கூடத்தில் இரவல் வட்டத்தில் நடந்தன. 1986 அக்டோபர் பதினோராம் தேதி அவளுக்கு ஐம்பது. ஐம்பதுக்கு வீட்டு வாசலில் சாரா என்ற கிழவியின் ஆளுயரப் பொம்மையை நட்டுவைப்பார்கள். வாசலில் பொம்மையும் வட்டம் பக்கத்து வீட்டிலுமாக எந்தப் பெண்ணுக்கும் நடந்ததில்லை. "என் ஐம்பது என் வீட்லதான்" என்று ஃபென்னா இரண்டு வருடம் முன்பே சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எங்களுக்குத் தெரியாது.

மௌனத்தை முதலில் கண்டுபிடித்தவள் த்ரூஸ்தான். அவள் பாத்திரம் கழுவும் தொட்டி சரியாகக் கோட்டுக்குள் மாட்டியிருந்தது.

"ஏண்டி ஃபென்னா, உன் புருஷன் என்ன பண்ணி வச்சிருக்கான்? காலையிலிருந்து தொட்டிகிட்ட நின்னு கத்தறேன், ஹார்ம் திரும்பிக்கூடப் பாக்கலை."

"ஹார்ம் என்னிக்குடி திரும்பிப் பாத்தான்?"

"அது வேற. இப்ப எனக்கே கேக்கலை."

ஒரு வாரத்தில் தெரு பழகிவிட்டது. அவரவர் வீட்டுத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டார்கள். இருபத்தைந்தாம் எண் தம்பதி சண்டை போட மட்டும் அதற்குள் போனார்கள். ஆளுக்குக் கால் மணி நேரம் வாயசைத்துவிட்டு நல்ல பசியோடு திரும்பினார்கள். பதின்மூன்றாம் எண்ணில் எக்காளம் பழகுகிறவரை மனைவி அங்கேயே நிறுத்திவைத்தாள். புகார் என்று ஒன்று நகராட்சிக்குப் போகவில்லை.

வோல்டர் சும்மா இருந்திருந்தால் விஷயம் தெருவோடு போயிருக்கும். அவரால் சும்மா இருக்க முடியாது. பீர் குவளைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றின் கனத்துக்குக் கட்டையைத் திருப்புவார், நாற்காலியில் போய் உட்கார்ந்து ஒரே இசைத்தட்டின் அதே நாற்பது விநாடியைக் கேட்பார், மறுபடி எழுந்து அரை அட்டை திருப்புவார். வீட்டில் ஓர் அட்டை என்றால் தெருக்கோடியில் இரண்டு கஜம், சந்தைத் திடலுக்கு அப்பால் ஒரு கட்டடத்தின் அகலம். பக்கத்து வீடு என்பதால் த்ரூஸின் தொட்டிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதைத் தாண்டி மௌனம் ஊர் மேய ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது தேவாலயத்தின் பிரசங்க மேடையில் போய்ப் படுத்தது. போதகர் ஐம்பது நிமிடம் கையை ஆட்டிப் பேசினார், ஒரு சொல்கூட வரவில்லை. அடுத்த ஞாயிறு கூட்டம் இரண்டு மடங்கு. இன்னொரு நாள் நகர்மன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையின் மேல் விழுந்தது. அன்றைக்குத்தான் நகராட்சி நிர்வாகி லெஃபெரிங்குக்குப் புத்தியில் வெளிச்சம் வந்தது. மறுநாள் ஒரு முழு ஆப்பிள் கேக்கைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வோல்டர் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊரில் ஓர் அதிகாரி முழுக் கேக் கொண்டுவந்தால் கதவைச் சாத்திவிடுவது நல்லது. வோல்டருக்கு அதெல்லாம் தெரியாது.

"ஓல்தோஃப் சார், ரெண்டு அட்டை வடக்கே தள்ளினா உங்களுக்கு ஏதாவது நஷ்டமா?"

"வயலின் பின்னால போயிடும்."

"எவ்வளவு பின்னால?"

"ஒரு விரல் அளவு."

"ஊருக்காக ஒரு விரல் விட்டுக்குடுக்கக் கூடாதா சார்?"

வோல்டர் இரண்டு நாள் யோசித்து, குப்பை வண்டி மதியத்துக்கு முன் தெருவுக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். உடனே ஒரு குழு, அதற்கு ஒரு துணைக்குழு, பிறகு ஓர் அட்டவணை. புறவழிச்சாலை பற்றிக் குடிமக்கள் கருத்துச் சொல்லும் கூட்டத்தில் பேச்சாளர் மேசை கோட்டுக்குள் போடப்பட்டது. அறுபத்திரண்டு பேர் ஆளுக்கு மூன்று நிமிடம் வாயசைத்துவிட்டு இறங்கினார்கள். 'ஆட்சேபம் எதுவும் காதில் விழவில்லை' என்று எழுதி முடித்தார்கள், அதில் பொய் ஒன்றுமில்லை. சாலை வந்துவிட்டது. எங்களுக்கு ஆத்திரம் வராமல் இல்லை. ஆனால் அதற்குள் அட்டவணையில் எல்லாருக்கும் ஒரு மணி நேரம் கிடைத்திருந்தது. வியாழன் பல் மருத்துவரின் துளைகருவிக்கு, சனி பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்கு, புதன் சாயங்காலம் என் மைத்துனனுக்கு. அதனால் வாயை மூடிக்கொண்டோம். நாங்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை.

இந்த நிலையில்தான், 1986 செப்டம்பரில், ஐம்பதுக்காக ஒரே ஒரு நாள் பலகைகளை இறக்கச் சொன்னாள் ஃபென்னா. ஊரே எழுந்து நின்றது. லெஃபெரிங்க் மறுபடி கேக்கோடு வந்தார்.

"நகராட்சி மண்டபத்தை உங்களுக்கு இலவசமா தர்றோம் அம்மா. நூறு நாற்காலி போடலாம்."

"மண்டபத்துலயா நான் குடியிருக்கேன்?"

த்ரூஸும் கை விரித்தாள். அதுதான் ஃபென்னாவுக்கு வலித்தது.

"நீயுமா த்ரூஸ்?"

"அந்தத் தொட்டிகிட்ட நின்னுதாண்டி என் மாமியாரைப் பத்தி மனசாரப் பேசறேன். பக்கத்துலயே உக்காந்து பின்னிக்கிட்டிருக்கா, ஒண்ணும் தெரியாது. அதையும் எடுத்துட்டா எனக்கு என்னதான் இருக்கு?"

கடைசியில் வோல்டரிடமே போனாள். அவர் நாற்காலியில் இருந்தார்.

"ஒரு நாள், வோல்டர். இருபத்திரண்டு நாற்காலி. அவ்வளவுதான் கேக்கறேன்."

"இறக்கினா திரும்பச் சரி பண்ண எட்டு மாசம் ஆகும், ஃபென்னா."

"எனக்கு ஐம்பது வர ஐம்பது வருஷம் ஆச்சு."

"என்ன சொன்ன? இந்த இடத்துல வயோலா உள்ளே வரும், அதைக் கேட்டுட்டிருந்தேன்."

அவள் திரும்பி நடந்தாள். இரண்டு பலகைகளுக்கும் நடுவே, கோட்டுக்குள் போய் நின்றாள். சமையலறைக் கடிகாரத்தில் நாற்பது நிமிடம் வாய்விட்டுப் பேசினாள், கத்தினாள், அழுதாள். தெருவழியே போனவர்கள் சன்னலில் பார்த்தார்கள். எங்கள் ஊரில் யாரும் திரைச்சீலை போடுவதில்லை. என்ன சொன்னாள் என்று ஒருவருக்கும் தெரியாது. உடம்பு குறுக்கே நின்றதால் செல்லோ மங்கிவிட்டது என்று வோல்டர் பிறகு குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் என் மைத்துனனின் புதன்கிழமை நினைவுக்கு வந்தது.

அக்டோபர் பதினோராம் தேதி சனிக்கிழமை காலை வாசலில் சாரா பொம்மை நின்றது. வோல்டர் கேக் வாங்கிவர பேக்கரிக்குப் போயிருந்தார். ஃபென்னா ஏணியைக் கொண்டுவந்து போட்டாள். பலகைகளை இறக்கவில்லை, கயிற்றை அறுக்கவில்லை. முடிச்சைத் தளர்த்தி, கட்டையைக் கால் வட்டம் திருப்பி, மறுபடி இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினாள். அந்த அரை நிமிடத்தில் மௌனம் ஊரை ஒரு பெருக்குப் பெருக்கியது. தேவாலயக் கடிகாரம் அடித்த பதினொரு மணியில் ஏழுதான் கேட்டது. சந்தையில் மீன் கூவியவர் பாதியில் ஊமையாகித் திரும்ப வந்தார். நகர்மன்றத்தில் லெஃபெரிங்கின் ஒரு வாக்கியம் வினைச்சொல் இல்லாமல் போனது. பிறகு கோடு புது இடத்தில் படுத்தது. பின்பக்கம் தோட்டத்துக் கொட்டகை, மேய்ச்சல் நிலம், சத்தமில்லாமல் வாய் திறக்கும் மாடுகள். முன்பக்கம் வோல்டரின் நாற்காலி, சன்னல், எதிரே கால்வாய்.

வோல்டர் வந்தார். கேக்கைச் சமையலறையில் வைத்துவிட்டு வழக்கப்படி இசைத்தட்டைப் போட்டு உட்கார்ந்தார். ஃபென்னா கதவருகே கையைக் கட்டிக்கொண்டு, வரப்போகும் கத்தலுக்குத் தயாராக நின்றாள். கத்தல் வரவில்லை. நாற்பது விநாடி கழிந்தும் அவர் எழவில்லை. தட்டின் ஒரு பக்கம் முழுவதும், இருபத்திரண்டு நிமிடம், அசையாமல் இருந்தார். எழுந்து வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ஃபென்னா, இதுதான். இத்தனை வருஷமா நான் தேடினது இதுதான். பின்னணி அவ்வளவு கறுப்பு! ஒரு துளி இரைச்சல் இல்லை."

"பாட்டு?"

"பாட்டுகூட இல்லை. அவ்வளவு சுத்தம்."

நிலைமின் அன்பர் கழகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து பேர் ஓடிவந்து, முறை வைத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இதுவரை கேட்டதெல்லாம் வெறும் சத்தம் என்றார். கீழ்ச்சுருதியைப் பற்றி மட்டும் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. ஒருவருக்கு அது வறண்டு இருந்ததாம். அறையில் இனி எதைப் போட்டாலும் ஒலி கெடாது என்று வோல்டரே அளந்து பார்த்து அறிவித்து, கொட்டகையிலிருந்து நாற்காலிகளைத் தூக்கிவர உதவியும் செய்தார்.

மூன்று மணிக்கு இருபத்திரண்டு நாற்காலிகள் வட்டமாக நின்றன, சன்னலோரத்தில் இருபத்துமூன்றாவதாக வோல்டர். எல்லாரும் எல்லார் கையையும் குலுக்கினோம். லெஃபெரிங்க் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார், ஆனால் இரண்டாம் முறையும் கேக் கேட்டார். த்ரூஸ் சிவந்த கண்ணோடு வந்தாள்.

"என் மாமியார் இன்னிக்கு எல்லாத்தையும் கேட்டுட்டாடி."

"ஐயோ! என்ன சொன்னா?"

"பின்னல் ஊசியைக் கீழ வச்சா. அவளும் எனக்கு நாலு வார்த்தை சொன்னா. இப்ப ரெண்டு பேருக்கும் கொஞ்சம் பரவாயில்லை."

ஃபென்னா காபி ஊற்றி முடித்து வட்டத்தில் தன் இடத்தில், வோல்டருக்கு எதிரே, கோட்டைவிட்டு அரை அடி தள்ளி உட்கார்ந்து, பேச ஆரம்பித்தாள். சோபாவிலிருந்து ஆரம்பித்தாள். புருஷனைப் பேர் சொல்லி, முகத்தைப் பார்த்து, ஒன்றையும் விடாமல் சொன்னாள். இடையில் சிரித்தாள், ஓர் இடத்தில் குரல் உடைந்தது, மூக்கைச் சிந்திக்கொண்டு மேலே போனாள். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. வோல்டர் கண்ணை மூடி, புன்னகையோடு, மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் தட்டு காலியானதைப் பார்த்து எழுந்துபோய் இன்னொரு துண்டு வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து அவள் தொடர்ந்தாள்.